வாடிக்கையாளர் சொல்லும் குறை

உப்புப் போட்ட பாயசத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடித்த மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். விளாங்குடியில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோன அன்று நடந்தது. சர்க்கரை டப்பாவும் உப்பு டப்பாவும் ஒரே மாதிரி இருந்ததில் என் கொழுந்தனார் தன் கைவரிசையைக் காட்டிவிட்டார். முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் ஒரு வாய் வைத்ததும் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு உயிரே போய்விட்டது. அவர் மட்டும் டம்ளரைக் காலி செய்துவிட்டு, எதிரே கரண்டியோடு நின்ற என் மாமியாரைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கம்மா, நல்லாருக்கு" என்றார். என் மாமியாரும் பூரித்துப்போய் விளிம்பு வரைக்கும் ஊற்றினார். அன்று சாயங்காலம் அவர் எத்தனை சொம்பு தண்ணீர் குடித்தார் என்பது அவர் மனைவிக்குத்தான் தெரியும்.

சிம்மக்கல்லில் பாத்திரமும் மிக்ஸி, கிரைண்டரும் விற்கிற கடை ஒன்றில் நான் அப்போது பில் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் எனக்கு அடுத்த மேஜையில் புகார் வாங்குகிறவர். குறை சொல்லவே தெரியாத மனிதரைப் பிடித்துக் குறை கேட்கிற நாற்காலியில் உட்கார வைத்த எங்கள் முதலாளியின் மூளையை என்னவென்று சொல்ல. ஆனால் ஒன்று, அந்த நாற்காலிக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, இந்தக் கடை விளங்குமா என்று வாசலிலேயே ஆரம்பிக்கிற பெண்கள் உண்டு. அவர் எழுந்து நின்று கும்பிடு போட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு, புகார்ச் சீட்டை எடுப்பார். அதில் 'பொருள்' என்று ஒரு கட்டம், 'வாடிக்கையாளர் சொல்லும் குறை' என்று ஒரு கட்டம். இரண்டாவது கட்டத்தை மற்ற கடைகளில் 'ஓடவில்லை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இவர் வந்தவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுவார். தேங்காய்ச் சட்னி அரைத்தால் அழுகிறது என்கிறார், இட்லி மாவு அரைத்தால் முனகுகிறது என்கிறார், மாமியார் போட்டால் ஓடுகிறது, தான் போட்டால் நின்றுவிடுகிறது என்கிறார். எழுதி முடித்து அதை வாசித்தும் காட்டுவார். இன்னும் ஏதாவது விட்டுப்போச்சா என்று கேட்பார். அதற்குள் வந்தவருக்குக் கோபம் பாதி இறங்கிவிடும்.

பிறகு மிக்ஸியை ஒரு சுற்று ஓடவிட்டு, தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுப்பார். புஷ் தேய்ந்திருக்கிறது என்பார், அல்லது கார்பன் போய்விட்டது என்பார். மெக்கானிக் திறந்து பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். நான் இருந்த நாலு வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

ஊரார் குறையையெல்லாம் வரி விடாமல் எழுதுகிறவர் தன் குறை என்று வந்தால் ஊமையாகிவிடுவார். சலூன்காரர் பேச்சு சுவாரசியத்தில் அவர் மீசையில் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் அதிகமாக வழித்துவிட்டார் ஒரு தடவை. நாமாக இருந்தால் அந்த இடத்தில் என்ன நடந்திருக்கும். இவர், ரொம்ப நாளாக எடுக்கணும் என்றுதான் இருந்தேன், அதையும் எடுத்துவிடுங்கள் என்று சொல்லி முழு மீசையையும் கொடுத்துவிட்டு வந்தார். மதுரையில் அந்த வயதில் ஒரு ஆள் திடீரென்று மீசையில்லாமல் வந்தால் வீட்டில் என்ன கெட்டது நடந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். ஒரு வாரம் அத்தனை பேருக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். மதினி, அதாவது அவர் மனைவி, மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அந்த மீசையைப் பார்த்துத்தான் தான் கழுத்தை நீட்டியதாக மதினியே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

எனக்கு அவர் மேல் பாசமும் உண்டு, எரிச்சலும் உண்டு. இரண்டில் எது கூடுதல் என்று கேட்டால் எரிச்சல்தான் என்று அப்போது சொல்லியிருப்பேன்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் காது போய்விட்டது. படிப்படியாக அல்ல, இரவு படுக்கும்போது இருந்தது, காலையில் இல்லை. அந்த வாரம் மதினியின் அண்ணன் மகளுக்குச் சடங்கு. திருப்பரங்குன்றத்தில் இவர் வீடு முழுக்க சொந்தக்காரர்கள் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். விசேஷ வீட்டில் நம்மால் ஒரு தொந்தரவு எதற்கு என்று மனிதர் வாயைத் திறக்கவில்லை. கடைக்கு லீவு போட்டிருந்ததால் எங்களுக்கும் தெரியவில்லை. ஒரு வாரம் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் பந்தி விசாரித்திருக்கிறார், தாம்பூலம் கொடுத்திருக்கிறார், போட்டோவுக்கு நின்றிருக்கிறார். ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. யார் என்ன கேட்டாலும் 'சரி', 'நல்லாருக்கு' என்று இரண்டே பதில் வைத்திருக்கிற மனிதருக்குக் காது கேட்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது.

எட்டாவது நாள் கடைக்கு வந்தார். செல்லூர்க்கார அம்மா ஒருவர் மிக்ஸி கொண்டுவந்திருந்தார். இவர் அதை ஓடவிட்டார், தலையைச் சாய்த்தார், அப்படியே நின்றார். அந்த மிக்ஸி போட்ட சத்தம் வைகைப் பாலம் வரைக்கும் கேட்டிருக்கும். அவர் மெதுவாக உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "ஓடுதாம்மா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் எழுந்து போய் மிக்ஸியை நிறுத்தினேன்.

காது டாக்டரிடம் போன பிறகுதான் அடுத்த குண்டு விழுந்தது. போனது வலது காது மட்டும்தானாம். இடது காது சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தபோதே செத்துவிட்டதாம். இத்தனை வருடமாக ஒற்றைக் காதில் காலத்தை ஓட்டியிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை என்பது அவர் வாதம். மதினி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, "முப்பத்திரண்டு வருசமா அந்தக் காது பக்கந்தானத்தா நான் படுத்திருக்கேன்" என்று அழுதார். அழுகையினூடே சிரிப்பும் வந்துவிட்டது அவருக்கு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடையில் என் மேஜை அவருக்கு இடது பக்கம். நாலு வருடமாக மத்தியானம் கூட்டம் குறைகிற நேரத்தில் என் வீட்டுக் கதை முழுக்க அந்தக் காதில்தான் கொட்டியிருக்கிறேன். புருஷனிடம் சொல்லாதது, அம்மாவிடம் சொல்லாதது எல்லாம். அவர் தலையை ஆட்டி, சரியாப் போகும்மா என்பார், நானும் ஆறுதலாகிவிடுவேன். ஆத்திரம் தாங்காமல் ஒரு தாளில் எழுதி நீட்டினேன், அத்தனையும் நடிப்பா என்று. வாசித்துவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நீ சொன்னது பாதி கேக்காதும்மா. ஆனா பேசி முடிச்சதும் ஒன் மூஞ்சி தெளிஞ்சிருக்கும். அதக் கெடுக்க மனசு வரல" என்றார். இதற்கு மேல் இந்த மனிதரை என்ன செய்ய முடியும்.

டாக்டர் நன்றாகவே கோபப்பட்டார். திடீரென்று காது போனால் முதல் சில நாட்களுக்குள் வந்தால் மருந்தில் திரும்புவதற்கு ஒரு வாய்ப்பு உண்டாம். விசேஷ வீடு என்று ஒரு வாரத்தை விட்டது தப்பு என்றார். மாத்திரை, ஊசி எல்லாம் போட்டும் பலனில்லை. காதில் மாட்டுகிற சாதாரண மெஷினும் உதவவில்லை. கடைசியில் காக்ளியர் இம்ப்ளாண்ட் என்றார்கள். தோலுக்கு அடியில் ஒரு கருவி, அதிலிருந்து காதின் உள்நரம்புக்குப் போகிற மெல்லிய கம்பி, வெளியே காந்தத்தில் ஒட்டிக்கொள்கிற ஒரு வில்லை. நேற்று வரைக்கும் கேட்ட காது, மூளைக்குச் சத்தமெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கும், அதனால் வலது பக்கம் வைத்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் என்று டாக்டர் நம்பிக்கை சொன்னார். அவர் மகனுடைய கம்பெனி இன்சூரன்ஸில் ஆபரேஷன் முடிந்தது.

தையல் ஆறி ஒரு மாதம் கழித்து மெஷினை முதல் தடவையாக ஓடவிடுகிற நாள். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி ஒரு வேன் வைத்துப் போனோம். இந்த மாதிரி நேரத்தில் ஆட்கள் தேம்பித் தேம்பி அழுகிற வீடியோவெல்லாம் எல்லோரும் செல்போனில் பார்த்திருந்தார்கள். அந்தச் சின்ன அறையில் நாலு செல்போனைத் தயாராகத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். மதினி முதல் வார்த்தையாக என்ன பேசுவது என்று ஒரு மாதமாக யோசித்து வைத்திருந்தார். மெஷினைச் சரிசெய்கிற ஆடியாலஜிஸ்ட் பெண் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, பேசுங்கம்மா என்றதும் எல்லாம் மறந்துபோய், "சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

"சாப்ட்டேன். நல்லாருந்துச்சு" என்றார் இவர்.

அறையே கைதட்டியது. இவர் கண்ணில் தண்ணீர். அந்த வீடியோ அன்று சாயங்காலத்துக்குள் திருமங்கலம் முதல் துபாய் வரை எல்லா சொந்தக்காரர்களுக்கும் போய்விட்டது. நானே ஏழு பேருக்கு அனுப்பினேன்.

அதற்குப் பிறகு மாதாமாதம் மெஷினைச் சரிப்படுத்தப் போக வேண்டும். அந்தப் பெண் கம்பியில் இருக்கிற ஒவ்வொரு மின்முனைக்கும் ஒரு சத்தம் அனுப்பி, பத்துகிறதா, கூடுதலா, தொந்தரவாக இருக்கிறதா என்று கேட்பாள். முகங்கள் வரைந்த ஒரு அட்டை உண்டு. இவர் சிரிக்கிற முகத்தைத் தொடுவார். சத்தத்தைக் கூட்டுவாள், மறுபடியும் சிரிக்கிற முகம். இவர் முகம் சுளிக்கிற மாதிரி அவளுக்குத் தோன்றி, குறைக்கட்டுமா என்று கேட்டால், வேண்டாம், நல்லாருக்கு என்பார். ஆனால் வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னால் பத்தில் ஒன்று தேறாது. சமீபத்தில் காது போனவர்கள் இதற்குள் எவ்வளவோ முன்னேறியிருப்பார்களே என்று அந்தப் பெண் மதினியிடம் வருத்தப்பட்டிருக்கிறாள். வீட்டில் பயிற்சி போதவில்லையோ என்று மதினி தன்னையே நொந்துகொண்டார்.

கடையிலும் அவர் நிலைமை சரியாக இல்லை. வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறார் என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. ஒருநாள் யாரோ எவர்சில்வர் குடத்தைக் கீழே போட்டார்கள். எங்கள் கடையில் அது மணிக்கு நாலு தடவை நடக்கிற சமாச்சாரம். இவர் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து குடோன் பக்கம் போனார். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். காதில் இருந்ததைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி டிபன் பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திருட்டு முழி முழித்தார். என்ன என்று கையைக் காட்டிக் கேட்டேன்.

"தீவாளி வரைக்கும் போட்டுக்கிட்டு இருக்கேம்மா. அப்பறம் பீரோவுல வச்சிர வேண்டியதுதான். அவுகளுக்கெல்லாம் அம்புட்டு சந்தோசம், அதுவே போதும்" என்றார்.

போட்டுப் பழகாமல் விட்டால் அந்தக் காதையும் மூளை மறந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். இடது காதில் மெஷின் வைக்காமல் விட்டதும் அதனால்தான். தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தது. இந்த மனிதர் நாலு பேர் மனம் நோகக் கூடாது என்று மிச்சமிருக்கிற காதையும் பீரோவில் வைத்துப் பூட்டப் போகிறார். உலகத்தில் நல்லவர்களால் வருகிற இம்சை இருக்கிறதே, அது தனி இம்சை.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மதினிக்குக் காய்ச்சல் என்று நான் கூடப் போனேன். அந்தப் பெண் சத்தத்தை அனுப்பினாள். அவர் வலது கை சிரிக்கிற முகத்தைத் தொட்டது. இடது கை நாற்காலிப் பிடியை இறுக்கியதில் நரம்பு புடைத்திருந்தது. அவளுக்கு அது மேஜைக்குப் பின்னால் தெரியவில்லை. நான் அவரை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்து, செல்போனில் பெரிதாக டைப் செய்து காட்டினேன், பொய் சொல்கிறீர்கள் என்று. அவர் மறுக்கவில்லை. "அந்தப் புள்ள எம்புட்டு கஷ்டப்பட்டுப் பண்ணுது. நல்லா இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா எப்புடிம்மா சொல்றது?" என்றார். அவள் என்ன பாயசமா கொடுத்திருக்கிறாள் என்று எனக்கு வாயில் வந்தது. கேட்டாலும் அவருக்குக் கேட்காது என்பதால் விட்டுவிட்டேன்.

திட்டிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்ததும்தான் எனக்கு ஒன்று தோன்றியது. என் கைப்பையில் கடைப் புகார்ச் சீட்டுக் கட்டு ஒன்று எப்போதும் கிடக்கும், காய்கறிக் கணக்கு எழுத. ஒன்றைக் கிழித்து, பேனாவோடு அவர் மடியில் வைத்தேன். 'பொருள்' என்ற கட்டத்தில் நானே 'காது மெஷின்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இருபது வருடப் பழக்கம், சீட்டைக் கண்டதும் கை தானாகக் கண்ணாடியைத் தேடியது. எழுத ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. கட்டம் போதாமல் பின்பக்கமும் எழுதினார்.

'பாத்திரம் விழுந்தால் மண்டைக்குள் ஆணி இறங்குகிறது என்கிறார். ஆட்கள் பேசினால் தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டுகிற சத்தம்தான் வருகிறது என்கிறார். ஆண் பேசினாலும் பெண் பேசினாலும் ஒன்றுபோல இருக்கிறது என்கிறார். முதல் நாளும் ஒன்றும் கேட்கவில்லை, வாயைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன் என்கிறார். சாயங்காலம் ஆனால் தலைவலி என்கிறார். மற்றவர்கள் சந்தோஷமாக இருப்பதால் வெளியே சொல்ல முடியவில்லை என்கிறார்.'

அடியில் புகார் வாங்கியவர் என்ற இடத்தில் வழக்கம்போலத் தன் கையெழுத்தையும் போட்டார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெண் இரண்டு பக்கமும் வாசித்தாள். இவர் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவள் திட்டவில்லை. எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வாய் தெரியும்படி நிதானமாக, "அங்கிள், இதைத்தான் மூணு மாசமா உங்ககிட்ட கேட்டுட்டிருக்கேன்" என்றாள். பிறகு பழைய அளவையெல்லாம் அழித்துவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். அன்று மூன்று மணி நேரம் ஆயிற்று. முகம் வரைந்த அட்டையை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் சீட்டில் எழுதினார், கூடுதல் என்கிறார், குறைவு என்கிறார், இது பரவாயில்லை என்கிறார்.

அதிலிருந்துதான் அவருக்குக் கேட்க ஆரம்பித்தது. ஒரே நாளில் அல்ல. தினமும் காலையில் யாராவது வாயை மறைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும், அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். மதினி பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசிப்பார். தலைப்புச் செய்திகளில் எல்லாம் அவர் தடுமாறுவார். நாளைய மின்தடை என்று ஏரியா பெயராகப் போட்டிருப்பார்களே, அதுதான் அவருக்குத் தோதாக இருந்தது. பசுமலை, திருநகர், ஹார்விபட்டி என்று தெரிந்த ஊர்ப்பெயராக வருவதால் பிடித்துவிடுவார். இரண்டு மூன்று மாதத்தில் பத்துக்கு ஏழு சொன்னார். போனில் மகனோடு நாலு வார்த்தை பேசினார். கடையில் பழையபடி புகார் வாங்க ஆரம்பித்தார். மிக்ஸியின் சத்தம் மட்டும் கடைசி வரைக்கும் பிடிபடவில்லை, அதைக் கையை வைத்துத்தான் பார்த்தார், சில சமயம் தப்பாகவும் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மதினிக்கு ஏகப் பெருமை. பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு, அவர் தேறியதையெல்லாம் சொன்னார். சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பி, "எம் பேச்சு எப்படிக் கேக்குதுன்னு இவகிட்டச் சொல்லுங்க" என்றார்.

அவர் சட்டைப் பையைத் தடவினார். சீட்டு இல்லை. வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவர் மதினியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வார்த்தையெல்லாம் புரியுது" என்றார். "ஆனா கொரல் ஒன்னோடது இல்ல. யாரோ வேற பொம்பள நம்ம வீட்டுல இருந்து பேசுற மாதிரி இருக்கு. நெதமும் காலையில இன்னிக்காச்சும் நீ வருவியான்னு பாக்குறேன்."

மதினி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. குறை சொல்லத் தெரியாமல் நிம்மதியாக இருந்த மனிதருக்கு வாயைத் திறக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்தானே. மதினி அரிசி உப்புமா கிண்டித் தட்டில் போட்டுக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது. அவர் ஒரு வாய் வைக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எப்படி இருக்கு?"

"காரம் கூடிப்போச்சு."

"முப்பத்திரண்டு வருசமா இதே காரந்தான் போடுறேன்."

"ஆமா" என்றார் அவர்.

மதினி அவரையே பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் நல்லாருக்கு என்று சொன்ன ரசம், புடவை, பிள்ளை வளர்த்தது எல்லாம் அவருக்கு மனதில் ஓடியிருக்கும். எது நிஜம், எது பாயசம் என்று இனி யாரைப் போய்க் கேட்பது. நான் செருப்பைத் தேடலாமா என்று யோசித்தேன். மதினி அவர் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்துத் தின்று பார்த்து, ஆமா, கூடத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு கையைத் துடைத்துவிட்டு, பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டு, நாளைய மின்தடையை வாசிக்க ஆரம்பித்தார். குரல் கொஞ்சம் நடுங்கியது. அவர் ஒவ்வொரு ஊராகத் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார். திடீரென்று நிறுத்திவிட்டார்.

"இப்ப வாசிச்சியே, அதுல நீ இருந்த" என்றார்.

பேப்பர் இறங்கியது. மதினி அவர் முகத்தைப் பார்த்தார். அவர் நல்லாருக்கு என்று சொல்லும்போதெல்லாம் உதட்டில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அது இப்போது இல்லை.

"எந்த வரியில?"

"அந்த ஹார்விபட்டி வந்துச்சே, அதுல."

மதினி மறுபடியும் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பராமரிப்புப் பணி காரணமாக நாளை காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை பசுமலை, திருநகர், ஹார்விபட்டி பகுதிகளில் மின்சாரம் இருக்காது என்று வாசித்தார். முடித்துவிட்டு, அவர் கேட்காமலே, அதே வரியை இன்னொரு தடவை வாசித்தார்.